துருவுக்குத்தான் விலை

(பழம்பொருள் சேகரிப்பாளர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கத்தியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நான் எங்கெங்கோ போய்விடுவேன் என்பது இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அழைப்பிதழிலேயே ‘விற்பது எப்படி’ என்று அச்சடித்து என்னைக் கட்டிப்போட்டுவிட்டார். சரி, விற்பதைப் பற்றியே பேசுவோம்.

ஒரு வீட்டில் பழைய ஜப்பானியக் குறுவாள் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழ்நாளெல்லாம் வாள் சேகரித்த பெரியவர் விட்டுச்சென்றது. பிள்ளைகளுக்கு அதில் நாட்டமில்லை. கூடிப் பேசி விற்றுவிடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். அந்த வீடு ஒசாகாவில் இருக்கலாம், லண்டனில் இருக்கலாம், ஓஹையோவில் இருக்கலாம். அடுத்த நாள் நடப்பது மட்டும் எங்கும் ஒன்றுதான். யாராவது ஒருவர் அதைப் பளபளப்பாக்க உட்கார்ந்துவிடுவார். உப்புத்தாள், ஸ்டீல் நார், பித்தளை பாலிஷ், கைக்கு எது கிடைக்கிறதோ அது. அவர் எழுந்ததும் இன்னொருவர் கதை கட்ட உட்காருவார்: “ஒரு சாமுராய் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிர்விட்ட கத்தி இது.”

இரும்புக்கு ஒரு மெருகு, வரலாற்றுக்கு ஒரு மெருகு. விலையைக் குழிதோண்டிப் புதைப்பவை இந்த இரண்டும்தான். நான் சொல்ல வந்ததும் இவ்வளவுதான். மிச்ச நேரம் அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். ஜப்பானியர் இதைத் தான்தோ என்பார்கள். ஷாகு என்பது அவர்களுடைய பழைய நீள அளவு. ஒரு ஷாகு 30.3 சென்டிமீட்டர். அலகின் நீளம் ஒரு ஷாகுவுக்குள் இருந்தால் தான்தோ. ஒன்றிலிருந்து இரண்டு ஷாகு வரை வாகிசாஷி. அதற்கு மேல் போனால் நீண்ட வாள். நுனியிலிருந்து, பிடி தொடங்கும் இடத்தில் முதுகுப் பக்கம் உள்ள சிறு வெட்டு வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். பிடியையும் உறையையும் சேர்த்து அளந்து, ‘நீளம் 45 செ.மீ.’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. வாங்க வருபவர் அந்த ஒரு வரியைப் படித்தே விற்பவருக்கு விஷயம் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவார்.

குட்டையாக இருக்கிறதே, மலிவாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். 13ஆம் நூற்றாண்டில் கியோத்தோவின் அவதாகுச்சிப் பகுதியில் இருந்த யோஷிமிட்சு என்ற கொல்லர் குறுவாளுக்கென்றே பெயர் வாங்கியவர். அவர் வடித்த ‘அத்சுஷி தோஷிரோ’ தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் தேசியப் பொக்கிஷமாக இருக்கிறது. பெரும்புகழ் பெற்ற கொல்லர் மசமுனே வடித்ததாகக் கருதப்படும் ‘ஹ்யூகா மசமுனே’யும் குறுவாள்தான், அதுவும் தேசியப் பொக்கிஷம், மிட்சுயி நினைவு அருங்காட்சியகத்தில் உள்ளது.

உருவத்தைப் பார்த்தே காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். 13ஆம் நூற்றாண்டை உள்ளடக்கிய காமகுரா காலத்துக் குறுவாள் பெரும்பாலும் 25 சென்டிமீட்டரை ஒட்டி, நேராக, ஒடுக்கமாக இருக்கும். சிலவற்றில் நுனி கொஞ்சம் உட்பக்கம் சாய்ந்திருக்கும். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் அது நீளுகிறது, அகலுகிறது, மெலிகிறது, லேசாக வளையவும் செய்கிறது. ஊரெல்லாம் சண்டையாக இருந்த 15, 16ஆம் நூற்றாண்டுகளில் கவசத்தைத் துளைப்பதற்கென்று முதுகு தடித்த வகை வருகிறது. தொகுகாவா ஆட்சியில் நாடு அடங்கியதும் குறுவாள் வடிப்பது மிகவும் குறைந்துபோனது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுயிஷின்ஷி மசஹிதே என்பவர் பழைய முறைகளுக்குத் திரும்ப வேண்டும் என்று கிளம்பினார். அதற்குப் பிறகுதான் மறுபடியும் நல்ல குறுவாள்கள் வரத் தொடங்கின. ஆகவே 1700ஆம் ஆண்டு வாக்கில் வடித்தது என்று ஒருவர் குறுவாளை நீட்டினால், இரண்டாம் முறை உற்றுப் பார்ப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கடற்படை அதிகாரிகள் இடுப்பில் ஒரு சிறு கத்தி அணிந்தார்கள். பித்தளை வேலைப்பாடும் செர்ரிப் பூவும் அதில் இருக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அது சீருடையோடு சேர்ந்த சாமான்; அலகு பொதுவாக இயந்திரத்தில் செய்தது. இராணுவப் பொருள் சேகரிப்பவர்களிடம் அதற்கு ஒரு விலை உண்டு. அதைப் ‘பழங்காலத் தான்தோ’ என்று விற்பது ஏமாற்று. மெய்ஜி காலத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்காகச் செய்து குவித்த, எலும்பிலும் தந்தத்திலும் செதுக்கிய உறை கொண்ட கத்திகளும் அப்படித்தான். செதுக்கல் பிரமாதமாக இருக்கும்; உருவினால் உள்ளே தகரம் மாதிரி ஓர் அலகு.

இனி துருவுக்கு வருகிறேன். பிடிக்குள் மறைந்திருக்கும் வால் பகுதிக்கு நகாகோ என்று பெயர். கொல்லர் அலகைத் தீட்டி முடித்தபின் இந்த வாலை மட்டும் அரத்தால் ராவி, கையொப்பத்தை உளியால் வெட்டி, மெருகேற்றாமல் விட்டுவிடுவார். மரப்பிடிக்குள் அதைச் செருகி ஒரே ஒரு மூங்கில் ஆணியால் இறுக்குவார்கள். அதற்குப் பிறகு நூற்றாண்டுக் கணக்கில் அங்கே துரு படிகிறது. எழுநூறு ஆண்டு கண்ட வாலில் அது கருமையாக, வழுவழுப்பாக, எண்ணெய் ஊறிய தோல்போல் ஒட்டியிருக்கும். இருநூறு ஆண்டென்றால் பழுப்பு. நேற்று அமிலத்தில் தோய்த்து வரவழைத்த துரு செம்மண் நிறத்தில் விரலில் ஒட்டிக்கொள்ளும். தேர்ந்த கண் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கையொப்பத்தின் உளிப் பள்ளங்களுக்குள் பார்க்கும். பள்ளத்தின் உள்ளே இருக்கும் துருவும் வெளியே இருக்கும் துருவும் ஒரே வயதுடையவையா? ஆம் என்றால் அந்தப் பெயர் வடித்த அன்றே வெட்டியது. வெளியே கருந்துரு, உள்ளே இளந்துரு என்றால் பழைய கத்தியில் யாரோ பிற்பாடு பெயர் வெட்டியிருக்கிறார்கள்.

இப்போது உப்புத்தாள் பிடித்தவரை நினைத்துப் பாருங்கள். அவர் துடைத்தது அழுக்கை அல்ல, சாட்சியை. வால் வெள்ளிபோல் மின்னும் ஒரு குறுவாளை வைத்துக்கொண்டு அது 13ஆம் நூற்றாண்டா 19ஆம் நூற்றாண்டா என்று நிரூபிப்பது மிகக் கடினம். கையொப்பம் உண்மையாகவே இருந்தாலும் நம்புவதற்கு ஆள் கிடைக்காது. ஐந்து நிமிட வேலையில் ஒரு பொருளின் மதிப்பில் பெரும்பகுதி போய்விடுகிறது. திரும்பி வரவும் வராது. விற்க வந்தவர் அதைப் பெருமையோடு என் முன்னால் வைத்து, “நன்றாகச் சுத்தம் செய்திருக்கிறேன்” என்று சொல்லும்போது என்ன பதில் சொல்வது என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை.

அலகுக்கு வருவோம். கொல்லர் அலகின் கூர்ப்பக்கம் களிமண்ணை மெல்லியதாகவும் முதுகுப்பக்கம் கனமாகவும் பூசி, சூடேற்றி, தண்ணீரில் தோய்ச்சல் போடுவார். மண் மெல்லிய இடம் சட்டென்று ஆறிக் கடினமாகும். கனத்த இடம் மெதுவாக ஆறி மென்மையோடு நிற்கும். இரண்டும் சந்திக்கும் எல்லையில் வெண்மையாக ஒரு கோடு ஓடும். அதுதான் ஹாமோன். சிலரிடம் அது நேர்கோடு, சிலரிடம் அலை, சிலரிடம் கிராம்பு மொட்டுகளை வரிசையாகக் கோத்ததுபோல். அதைப் பார்த்துக் கொல்லர் மரபையும், சமயத்தில் கொல்லரையுமே சொல்லிவிடுவார்கள். அந்தக் கோட்டின் விளிம்பில் விளக்கொளியில் மினுங்கும் நுண்ணிய பொடிகளுக்காகத்தான் சேகரிப்பாளர்கள் மணிக்கணக்கில் கத்தியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள்.

இந்த மேற்பரப்பை வெளிக்கொண்டுவரத் தனித் தொழிலே இருக்கிறது. வாள் தீட்டுபவர் ஆண்டுக்கணக்கில் குருவிடம் இருந்து கற்பார். சொரசொரப்பான கல்லில் தொடங்கி, படிப்படியாக மென்மையான கற்களுக்கு மாறி, கடைசியில் விரல்நுனியில் ஒட்டிய கல்சில்லால் தேய்ப்பதில் முடியும் வேலை அது. கூலி அங்குலக் கணக்கு. காத்திருப்பு மாதக் கணக்கு. கடைச் சக்கரத்தில் கொடுத்துப் ‘பஃப்’ அடித்தால் கண்ணாடிபோல் பளபளக்கும், ஆனால் அலகின் முனைப்புகள் எல்லாம் மழுங்கிவிடும். ஹாமோனும் மறைந்துவிடும். மறைந்ததும் அமிலத்தை வைத்து ஒரு போலிக் கோட்டை வரைந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் விற்பதற்கு முன் நல்ல தொழிலாளியிடம் கொடுத்துத் தீட்டி வாங்கலாமா என்று கேட்பீர்கள். என் கருத்தைச் சொல்கிறேன்: வேண்டாம். ஒவ்வொரு தீட்டலும் கொஞ்சம் இரும்பைத் தின்னும். பல முறை தீட்டிய அலகில் வெளித்தோல் தேய்ந்து உள்ளிருக்கும் மென்னிரும்பு எட்டிப்பார்க்கும். அதைக் களைத்துப்போன கத்தி என்பார்கள். தவிர, கூர்விளிம்பில் குறுக்கே ஒரு மயிரிழை விரிசல் இருந்தால் எவ்வளவு தீட்டினாலும் பயனில்லை. செலவழித்த பணம் வீண். யாரிடம் கொடுப்பது, எவ்வளவு தீட்டுவது என்பதை வாங்குபவர் முடிவு செய்யட்டும். மிஞ்சிப்போனால், ஒரு சிறு பகுதியை மட்டும் தீட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஜன்னல் திறப்பது என்பார்கள். அதையும் தேர்ந்தவர்தான் செய்ய வேண்டும்.

விற்பவர் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். அலகை விரலால் தொடாதீர்கள். கைவியர்வையின் உப்பு இரும்பில் ரேகையோடு பதிந்துவிடும். வெறும் கத்தியின் மேல் குனிந்து பேசாதீர்கள், எச்சில் தெறிக்கும். மென்மையான தாளால் பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டுப் புதிதாக மிக மெல்லியதாக ஒரு பூச்சு. வழக்கமாக இதற்கு வைக்கும் எண்ணெயில் கிராம்பு வாசம் இருக்கும். அலகில் சிவப்புத் துரு தெரிந்தாலும் சுரண்டாமல் எண்ணெய் பூசி விட்டுவிடுங்கள்.

வாலைப் பார்க்க மூங்கில் ஆணியைத் தள்ளி எடுக்க வேண்டும். ஆணி ஒரு பக்கம் சிறுத்திருக்கும். சிறுத்த பக்கத்திலிருந்து தள்ளினால் வந்துவிடும். நீண்ட வாள் என்றால் பிடியை இடக்கையில் செங்குத்தாகப் பிடித்து, அந்த மணிக்கட்டை வலக்கை முஷ்டியால் தட்டி அலகைத் தளர்த்துவார்கள். குறுவாளை அப்படிப் பலமாகத் தட்டிவிடாதீர்கள். எடை குறைவு, பிடியிலிருந்து துள்ளி வெளியே வந்து எங்கே குத்தும் என்று சொல்ல முடியாது. மெள்ள, சிறு சிறு தட்டாகத் தட்டுங்கள்.

கையொப்பம் இருந்தால் குதித்துவிடாதீர்கள். ஜப்பானில் வாள் கையொப்பத்தைப் போலி செய்வது நேற்று வந்த பழக்கம் அல்ல. பெரிய பெயராக இருக்கும் அளவுக்குச் சந்தேகமும் பெரிதாக இருக்க வேண்டும். யோஷிமிட்சு என்று வெட்டிய கத்திகள் எல்லாம் அவருடையவை என்றால் அந்த மனிதருக்குத் தூங்கவே நேரம் இருந்திருக்காது. மாறாக, கையொப்பம் இல்லாமல் இருப்பது குற்றமே அல்ல. மசமுனேயின் பேர்பெற்ற கத்திகளில் பெரும்பாலானவற்றில் கையொப்பமே கிடையாது. பெயரற்ற நல்ல கத்தியைவிடப் பொய்ப்பெயர் கொண்ட நல்ல கத்திக்கு விலை குறைவு. அதற்காகப் பொய்ப்பெயரை ராவி எடுத்துவிட்டு விற்கலாம் என்று கிளம்பாதீர்கள். எடுக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் உரிமை அடுத்தவருக்குப் போகட்டும்.

முராமசா என்ற பெயரைப் பாருங்கள். இசே மாகாணத்தில் இருந்த கொல்லர் குடும்பம். தொகுகாவா ஆட்சியைத் தொடங்கிய இயெயாசுவின் பாட்டனார் முராமசா வாளால் வெட்டுண்டார், மகனுடைய முடிவிலும் முராமசா வாளே இருந்தது, ஆகவே அது தொகுகாவா குடும்பத்துக்கு ஆகாத கத்தி என்று ஒரு பேச்சு பரவியது. பயந்தவர்கள் வாலில் இருந்த பெயரை ராவி எடுத்தார்கள்; சிலர் எழுத்தை மாற்றி வேறு பெயராக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் தொகுகாவா ஆட்சிக்கு எதிர்ப்புக் கிளம்பியபோது அதே கதை தலைகீழாக வேலை செய்தது: எதிர்ப்பாளர்களுக்கு முராமசா வேண்டியிருந்தது, போலி முராமசாக்கள் பெருகின. இத்தனைக்கும் நகோயாவில் உள்ள தொகுகாவா கலை அருங்காட்சியகத்தில், இயெயாசுவிடமிருந்தே வழிவழியாக வந்த முராமசா வாள் ஒன்று இருக்கிறது. ஆகாத கத்தியை அவர் ஏன் வைத்திருந்தார் என்று கேட்க ஆளில்லை. கதை எப்போதும் அப்படித்தான், கத்தியைவிட வேகமாக ஓடும்.

‘தற்கொலைக் கத்தி’ என்ற விளம்பரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் சடங்குக்கென்று தனியாக ஒரு குறுவாள் வகை செய்யப்படவில்லை. தொகுகாவா காலச் சடங்குகளில் பிடி கழற்றிய அலகைத் தாளில் சுற்றித் தட்டில் வைப்பார்கள். பிற்காலத்தில் கத்திக்குப் பதில் விசிறி வைத்த சடங்குகளும் உண்டு. கை விசிறியை நோக்கி நீளும்போதே பின்னால் நிற்பவர் தலையைத் துண்டித்துவிடுவார். குறுவாள் என்பது இடுப்பில் இருந்த துணை ஆயுதம். பெண்கள் உடைக்குள் தற்காப்புக்காக வைத்துக்கொண்டது. பிரபுக்கள் ஒருவருக்கொருவர் தந்த பரிசு. அந்தப் பரிசு என்ற அம்சம்தான் விற்பனைக்கு முக்கியம், ஏனென்றால் சான்றிதழ் என்ற பழக்கமே அதிலிருந்து வந்தது.

ஹொனாமி குடும்பத்தார் வாள் தீட்டுபவர்கள், மதிப்பீட்டாளர்கள். கத்தியைப் பார்த்து, யார் வடித்தது, எத்தனை பொற்காசு பெறும் என்று தடித்த தாளில் எழுதி மடித்துத் தருவார்கள். பிரபுவுக்குப் பிரபு வாள் பரிசளிக்கும்போது அந்தத் தாளும் கூடவே போகும். ஆட்சியாளர் தொகுகாவா யோஷிமுனே கேட்டுக்கொண்டபடி நாட்டில் உள்ள புகழ்பெற்ற வாள்களின் பட்டியலை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்தவரும் அந்தக் குடும்பத்து ஹொனாமி கோச்சூதான். அவர் காலத்துக்குப் பின் வந்த ஹொனாமித் தாள்களை இன்று அறிஞர்கள் அவ்வளவாக நம்புவதில்லை. பரிசு கனமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை தாளில் உள்ள பெயரையும் கனமாக்கிவிட்டது.

இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது 1948இல் தொடங்கிய ஜப்பான் கலை வாள்கள் பாதுகாப்புச் சங்கம். தோக்கியோவின் ரியோகோகு பகுதியில் வாள் அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். கத்தியை நேரில் வைத்துக் குழுவாகப் பார்த்து நான்கு படிகளில் சான்று தருகிறார்கள்: ஹோசோன், தோகுபெட்சு ஹோசோன், ஜூயோ, எல்லாவற்றுக்கும் மேலே தோகுபெட்சு ஜூயோ. படி ஏற ஏற விலையும் ஏறும். பொய்க் கையொப்பம் என்று கண்டால் தாள் கிடையாது. இவற்றில் கீழ் இரண்டு படிகள் 1982இல் வந்தவை. அதற்கு முன் அதே சங்கம் கொடுத்த வெள்ளை, பச்சை நிறத் தாள்களும் சந்தையில் உலவுகின்றன. பச்சைத் தாளோடு பெரிய பெயர் வந்தால் வாங்குபவர் புருவத்தை உயர்த்துவார், மறுபடி சங்கத்தில் காட்டச் சொல்வார். அது அவமதிப்பல்ல. அந்தத் தாள்களின் பேரில் அந்தக் காலத்தில் முறைகேடுகள் நடந்தன, அவ்வளவுதான்.

கொல்லர்களுக்கு விலை போட்ட புத்தகங்கள் உண்டு. தோகுனோ என்பவர் தொகுத்த பெரிய நூலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் யென் கணக்கில் ஒரு தொகை இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கோடீஸ்வரர் ஆனதாக நினைப்பவர்கள் ஏராளம். அந்தத் தொகை கையொப்பமிட்ட, குறையற்ற, அந்தக் கொல்லரின் நல்ல படைப்பான நீண்ட வாளுக்கு. உங்கள் கையில் இருக்கும் குறுவாளுக்கு அல்ல.

தாள், தாள் என்று சொல்கிறேனே, ஜப்பானில் ஒவ்வொரு பழைய கத்திக்கும் இன்னொரு தாளும் உண்டு. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அலகு 15 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பதிவுச் சீட்டு வேண்டும். அதைக் கொடுப்பது காவல்துறை அல்ல, மாகாணக் கல்வி வாரியம். காரணம், கலைப்பொருள் என்ற தகுதியில்தான் கத்தியை வைத்திருக்க அனுமதி. அந்தச் சீட்டில் உரிமையாளர் பெயரே இருக்காது. நீளம், வளைவு, ஆணித்துளைகளின் எண்ணிக்கை, கையொப்பம் இவைதான் இருக்கும். சீட்டு கத்தியைச் சேர்ந்தது, ஆளைச் சேர்ந்தது அல்ல. கை மாறினால் புதியவர் 20 நாளுக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஜப்பானை விட்டு வெளியே விற்றால் இந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கலாசார அலுவல்கள் முகமையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டும். தேசியப் பொக்கிஷம், முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்று அறிவிக்கப்பட்டவை நாட்டை விட்டு வெளியேற முடியாது. இந்தியாவிலும் நூறு ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு விற்க 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை. உங்களில் யாரிடமாவது அப்படி ஒன்று இருந்தால் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள், ஏலக்காரரைப் பிறகு பார்க்கலாம்.

ஜப்பானுக்கு வெளியே இவ்வளவு கத்திகள் எப்படி வந்தன? 1876இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. வேலையில்லாத சாமுராய்கள் விற்றார்கள், வெளிநாட்டார் வாங்கினார்கள். ஆனால் பெருவெள்ளம் 1945இல்தான். தோற்ற நாட்டில் வீடு வீடாக வாள்கள் ஒப்படைக்கப்பட்டன. தென்கிழக்கு ஆசியாவிலோ நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன், ஜப்பானிய அதிகாரிகள் பலர் பார்க்கத் தங்கள் வாள்களை ஒப்படைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். சிங்கப்பூர், மலாயா, பர்மா என்று எங்கும் அது நடந்தது. ஒப்படைத்த வாள்கள் வென்ற அதிகாரிகளுக்கு நினைவுப் பொருளாகப் போயின. போருக்குப் போன அதிகாரி பரம்பரை அலகை இராணுவப் பிடியில் மாட்டிக்கொண்டு போயிருப்பார். அதனால்தான் இன்றும் மட்டமான பட்டாள உறைக்குள்ளிருந்து சில சமயம் ஐந்நூறு வருடத்துக் கத்தி வெளிவருகிறது.

அப்படி வந்த சிலவற்றில் பிடியோடு ஒரு மரச்சில்லோ துணித்துண்டோ கட்டியிருக்கும். அதில் மையால் ஒரு பெயரும் ஊரும் எழுதியிருக்கும். ஒப்படைத்தவர், என்றைக்காவது திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் கட்டியது. தயவுசெய்து அதை அவிழ்த்து எறியாதீர்கள். வியாபாரக் கண்ணில் பார்த்தாலும் அது கத்தியின் வரலாற்றுக்கு எழுத்துச் சான்று. நீங்கள் கட்டும் பத்துக் கதைக்கு அந்த ஒரு சில்லு மேல். அந்தக் குடும்பத்தைத் தேடிக் கொடுப்பதா, விற்பதா என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. அதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் என்னிடம் இல்லை, ஆனால் ஒருவர் என்ன செய்தார் என்று சொல்ல முடியும்.

இண்டியானா மாநிலத்து எல்க்ஹார்ட் நகரில் வால்டர் காம்ப்டன் என்ற மருத்துவர் இருந்தார். மைல்ஸ் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர். ஜப்பானுக்கு வெளியே இருந்த மிகச் சிறந்த வாள் தொகுப்புகளில் ஒன்று அவருடையது. அவர் வாங்கிய வாள்களில் ஒன்று, பிஸென் மாகாணத்துக் கொல்லர் குனிமுனே வடித்தது. ககோஷிமாவின் தெருகுனி ஆலயத்துக்குச் சொந்தமான தேசியப் பொக்கிஷம் என்பதும், போருக்குப் பிந்தைய குழப்பத்தில் காணாமல் போனது என்பதும் பிறகு தெரியவந்தன. 1963இல் ஒரு காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். மற்றவற்றை வைத்துக்கொண்டார். அவர் மறைந்தபின் 1992இல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் அந்தத் தொகுப்பை மூன்று பகுதிகளாக ஏலம் விட்டது. இன்றைக்கும் ஒரு கத்தி ‘காம்ப்டன் தொகுப்பிலிருந்து’ என்று வந்தால் ஏலக்கூடத்தில் கைகள் உயர்கின்றன. அந்தப் பெயருக்கு அந்த மதிப்பு வந்ததற்கு, அவர் விற்காமல் விட்ட வாளும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

‘தனியார் தொகுப்பிலிருந்து’ என்ற வரி நமக்குப் பயன்படுவதும் இங்கேதான். வெறும் வரிக்கு மதிப்பில்லை. பெரியவர் எந்த ஆண்டில், எந்த ஏலத்தில் வாங்கினார்? ரசீது இருக்கிறதா? ஏலப் பட்டியலில் அந்தப் பக்கம் இருக்கிறதா? சாதாரண மர உறையின் மேல் ஓர் அறிஞர் மையால் எழுதிக் கொடுத்த குறிப்பு இருக்கிறதா? சேகரித்தவரின் நோட்டுப் புத்தகம், கடிதங்கள், பழைய புகைப்படம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கத்தியோடு வையுங்கள். வீடு காலி செய்யும்போது காகிதத்தைப் பழைய பேப்பர்காரருக்கும் கத்தியை ஏலக்காரருக்கும் போடுவதுதான் வழக்கம். தனித்தனியாகப் போன பின் இரண்டுக்கும் மதிப்பு பாதி.

யாரிடம் விற்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாள் வியாபாரியிடம் நேரடியாக விற்றால் பணம் கையோடு கிடைக்கும், அவருடைய லாபம் கழித்து. அவரிடமே விற்றுத்தரச் சொல்லி வைத்தால் கூடுதலாக வரும், காத்திருக்க வேண்டும். பெரிய ஏல நிறுவனங்கள் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கட்டணம் பிடிக்கும். நல்ல பொருளாக இருந்தால் போட்டி விலையை ஏற்றும், சாதாரணப் பொருளாக இருந்தால் ஏலம் அதை நசுக்கிவிடும். தோக்கியோவில் இலையுதிர் காலத்தில் நடக்கும் பெரிய வாள் சந்தையும் சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ வாள் கண்காட்சிகளும் விவரமறிந்தவர்கள் கூடும் இடங்கள். எங்கே கொண்டுபோனாலும் முதல் மதிப்பீடு சொல்பவரிடமே விற்காதீர்கள். விலை சொல்பவரும் வாங்குபவரும் ஒருவராக இருந்தால் அந்த விலைக்கு ஒரு பக்கச் சாய்வு இருக்கும்.

புகைப்படம் எடுப்பதானால் பூ வேலைப்பாட்டு உறையை நாலு கோணத்தில் எடுத்து அனுப்ப வேண்டாம். வெற்று அலகு முழுதாக, இரு பக்கமும், வால் இரு பக்கமும், நேர் மேலிருந்து; நுனி மிக அருகிலிருந்து. ஒரே விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் ஹாமோன் தெரியும். குறைகளை மறைக்காமல் எடுங்கள். தெரிந்தவர் எப்படியும் கண்டுபிடிப்பார், மறைத்தீர்கள் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

குறை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தீயில் அகப்பட்ட கத்தி தோய்ச்சலை இழந்துவிடும். மறுபடி தோய்ச்சல் போட்டால் விலை விழுந்துவிடும் என்பது விதி. ஆனால் 1615இல் ஒசாகா கோட்டை எரிந்தபோது அதை ஆண்ட தொயோத்தோமி குடும்பத்துப் பெரும் வாள்கள் வெந்துபோயின. இயெயாசு அவற்றை எச்சிஸென் யாசுட்சுகு என்ற கொல்லரிடம் கொடுத்து மறு தோய்ச்சல் போடச் சொன்னார். யோஷிமிட்சுவின் ‘நமஸுவோ தோஷிரோ’ அப்படி மீண்டு வந்தது, இன்றும் தொகுகாவா கலை அருங்காட்சியகத்தில் கொலுவீற்றிருக்கிறது. விதிக்கு விலக்கு உண்டு. உங்கள் கத்தி அந்த விலக்கு என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

கடைசியாக, பலர் தனியாக என்னிடம் கேட்கும் கேள்வி: உறை, பிடி அலங்காரம், பக்கவாட்டில் செருகும் சிறு கத்தி இவற்றைப் பிரித்து விற்றால் மொத்தத்தில் கூட வருமாமே? வரும். சிறு உலோக வேலைப்பாடுகளுக்கென்றே தனிச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். வெவ்வேறு காலத்தில் ஒட்டவைத்த கலவையாக இருந்தால் பிரியுங்கள், ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் ஒரே கையால், ஒரே கருத்தில் செய்த தொகுதியாக இருந்தால் பிரிக்க வேண்டாம் என்பேன். ஒருமுறை பிரிந்த தொகுதி மறுபடி ஒன்றுசேர்வது அபூர்வம். அனுப்பும்போது பிடியும் உறையும் விலகாமல் பருத்தி நாடாவால் கட்டுங்கள். சுங்கப் படிவத்தில் நூறு ஆண்டு கடந்ததென்றால் 9706 என்ற தொல்பொருள் தலைப்பின்கீழ் எழுதி, வயதுக்கான சான்றையும் இணையுங்கள்; வெறும் வாள் என்று 9307இல் போட்டால் ஆயுதமாகத்தான் பார்ப்பார்கள். அஞ்சல் நிறுவனங்களில் பல கத்தியை ஏற்பதே இல்லை, அதனால் விற்பனை பேசுவதற்கு முன்பே அதை விசாரித்துவிடுங்கள். வாங்குபவர் பணம் கட்டிவிட்டு மூன்று மாதம் காத்திருக்க நேர்ந்தால் அடுத்த கத்தியை உங்களிடம் வாங்க மாட்டார்.

நேரமாகிவிட்டது. யாரோ கைப்பையில் ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார்கள். மேடைக்கு எடுத்து வாருங்கள், வழியில் துடைக்காமல்.